ஊற்றும் சூடு

பாப்பாவின் செருப்பைப் பற்றித்தான் அக்கா கடைசியாகப் பேசினாள்.

ஊற்றும் அறைக்கும் சோதனை அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். அதில் ஒரு தட்டு நுழையும் அளவுக்குச் சின்ன ஜன்னல். அந்தப் பக்கம் அக்கா, அச்சின் மேல் வழிந்து உறைந்திருந்த வெள்ளைக் கொழுப்பைத் தட்டைக் கத்தியால் ஒரே இழுப்பாகச் சீவிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் சின்னவள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், சாயங்காலம் நீதானே முன்னாடி கிளம்புற? பாப்பாவுக்குச் செருப்பு கடிக்குதாம். புதுசு வாங்கிட்டுப் போயிடு."

"எந்த அளவு?"

"இடது காலை வச்சு வாங்கு. அதுதான் பெரிசு. வலது காலை வச்சு வாங்கினா இடது கால் அழும்."

"ரெண்டு காலுக்கும் ரெண்டு அளவு. அப்பன் மாதிரியே கோணல்."

"என் புருஷனைச் சொன்னேன்னா இந்தத் தட்டு உனக்கு வராது, பாத்துக்கோ."

தட்டு வந்தது. அச்சைத் திறந்து, பன்னிரண்டு குழிகளிலிருந்தும் ஒன்றுகூட உடையாமல் எடுத்து அடுக்கியிருந்தாள். அன்றைய இருபதாவது, கடைசித் தட்டு. சின்னவள் அதை வாங்கி எண்ணினாள். அக்கா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில், வரிசையில் நின்றுகொண்டிருந்த அக்கா அப்படியே சரிந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சின்னவள் செருப்போடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பூட்டிய கதவின் முன்னால் பக்கத்து வீட்டுக்காரம்மா நின்றுகொண்டிருந்தாள்.

*

அந்த இரண்டு பேரும் செய்த வேலையை வெளியில் சொல்வது கொஞ்சம் சங்கடம். கல்யாண வீட்டில் யாராவது "நீங்க ரெண்டு பேரும் என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டால் சின்னவள் "மருந்து ஆராய்ச்சி" என்று சொல்லி நகரப் பார்ப்பாள். அக்கா விடமாட்டாள். "பின்னாடி வைக்கிற மாத்திரை செய்யறோம்க்கா. நான் ஊத்துவேன், இவ உடைப்பா," என்பாள். கேட்டவர்கள் கையிலிருந்த தம்ளரைப் பார்ப்பார்கள்.

கைக்குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி ஏறிக் காய்ச்சல் கொதிக்கும்போது வாயில் எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்துவிடும். ஊசி போட ஆள் இருக்கும் இடம் அரை நாள் தூரத்தில் இருக்கும். அந்த அரை நாளில்தான் குழந்தை போய்விடுகிறது. கிருமியைக் கொல்லும் அதே மருந்தைக் கொழுப்பில் கலந்து, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குண்டாக வார்த்துக் கொடுத்தால், பெற்றவளே அதை ஆசனவாயில் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறலாம். உடம்புச் சூட்டில் கொழுப்பு உருகும், மருந்து உள்ளே போகும். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் அதைக் குண்டு என்றே சொன்னார்கள்.

சொல்வதற்குச் சின்ன விஷயம். செய்வதற்கு அக்காவுக்கு மூன்று வருஷம் ஆனது. ஒரு கொழுப்பு வெயிலில் கையிலேயே வழிந்தது. இன்னொன்று இரண்டு மாதத்தில் இறுகி, உள்ளே போயும் உருக மறுத்தது. சின்னவள் ஒவ்வொன்றையும் எடை போட்டாள், அழுத்தி உடைத்தாள், முப்பத்தேழு டிகிரித் தண்ணீரில் போட்டு உருகும் நேரத்தைக் குறித்தாள், கரைத்து உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளந்தாள். "தேறல" என்று ஜன்னல் வழியாகச் சொல்வாள். "நாசமாப் போறவளே, நல்லாப் பாத்தியா?" என்று அக்கா கேட்பாள். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிடுவார்கள்.

கடைசியில் தேறியது. அக்கா கடைசி நாளில் வார்த்த அந்தத் தொகுதியின் இருநூற்று நாற்பது குண்டுகளில், தட்டுக்கு ஒன்றாகச் சோதித்த இருபது போக மீதியெல்லாம் அட்டைப் பெட்டிகளில் அடுக்கப்பட்டு, மாதாமாதம் எடுத்துச் சோதிப்பதற்காக முப்பது டிகிரி அலமாரிக்குள் போயின. பெட்டிகளின் மேல் அக்காவின் உருண்டைக் கையெழுத்து.

மூன்று வாரம் கழித்துச் சின்னவள் வேலைக்குத் திரும்பினாள். முதல் மாதச் சோதனைக்கு நாள் வந்திருந்தது. பெட்டியைத் திறந்து ஆறு குண்டுகளை எடுத்தாள். அக்கா வார்த்ததை உடைக்க வேண்டியதுதான் அவள் வேலை. பதினோரு வருஷமாக அதைத்தான் செய்து வந்தாள். அன்று ஒரு குண்டைக் கருவியில் நிறுத்தி எடையை ஏற்றியபோது, அது உடைந்த சத்தம் கேட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு அடுத்ததை வைத்தாள்.

*

ஊற்றும் அறைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தடித்த கண்ணாடி, வேறொரு கம்பெனியில் களிம்பு செய்து பழகியவர். முதல் நாளே ஜன்னலில் குனிந்து, "அம்மா, உங்க அக்கா இடத்துல வந்து நிக்கிறேன். ஏதாவது தப்பாப் பண்ணினா சொல்லிடுங்க, மனசுல வச்சுக்காதீங்க," என்றார். நல்ல மனிதர். அவர் மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

அவர் அக்காவின் செய்முறைத் தாளை எதிரில் ஒட்டி வைத்துக்கொண்டு வரிக்கு வரி செய்தார். கொழுப்பை நாற்பத்தைந்து டிகிரியில் உருக்கு. சலித்த மருந்துத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறு. முப்பத்தொன்பது டிகிரிக்கு ஆறவிடு. கிளறிக்கொண்டே ஊற்று. அறையில் இருந்த மின்சார வெப்பமானியை வைத்துப் பார்த்து, சரியாக முப்பத்தொன்பதில் ஊற்றினார்.

சின்னவள் அளந்தாள். முதலில் ஊற்றிய குண்டுகளில் மருந்து, இருக்க வேண்டியதில் நூற்றுக்கு எழுபத்தெட்டு. கடைசியில் ஊற்றியவற்றில் நூற்று முப்பது. ஒரு குழந்தைக்குப் பற்றாமல் போகும், இன்னொரு குழந்தைக்கு மிஞ்சிப் போகும்.

"தேறல சார்."

"நான் தப்பா எதுவும் பண்ணலியேம்மா."

இரண்டாவது முறை அதே கதை. மூன்றாவது முறையும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

மேடம் கூப்பிட்டு அனுப்பினாள். ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி. கத்திப் பேசுகிற ஆள் இல்லை. அதனாலேயே அவள் அறைக்குப் போகக் கால் தயங்கும்.

"உக்காரு. இந்த மாசக் கடைசில குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் புதுத் தொகுதி குடுக்கணும், தெரியும்ல? குடுக்கலேன்னா இந்தக் கலவையை மூட்டை கட்டி வச்சுட்டு வேற கொழுப்புல முதல்லேருந்து ஆரம்பிக்கச் சொல்வாங்க. ஒன்றரை வருஷம் போயிடும்."

"தெரியும் மேடம்."

"அவர் தாள்ல இருக்கறபடிதான் செய்யறார். நானே கூட நின்னு பார்த்தேன்." மேடம் பேனாவை மூடினாள். "நான் கேக்கறதைத் தப்பா எடுத்துக்காதே. உங்க அக்கா தொகுதி மட்டும் எப்படித் தேறிச்சு? ஊத்தினது அக்கா, அளந்தது தங்கை. மேல இருக்கறவங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

சின்னவள் எழுந்துவிட்டாள். "அலமாரியில இன்னும் இருக்கு மேடம். நீங்களே எடுத்துக் குடுங்க. வேற யாரையாவது வச்சு அளக்கச் சொல்லுங்க."

மேடம் தானே போய்ப் பெட்டிகளைக் கலைத்துப் பத்துக் குண்டுகளை எடுத்து வந்தாள். சின்னவளை வெளியே நிறுத்திவிட்டு, பக்கத்து ஆய்வகத்துப் பெண்ணை வைத்து ஒவ்வொன்றையும் நுனி, நடு, வால் என்று மூன்று துண்டாக நறுக்கி அளக்கச் சொன்னாள். புதியவருடைய குண்டுகளையும் அப்படியே நறுக்கினார்கள். புதியவருடையதில் தூள் எல்லாம் நுனியில் இறங்கிக் கிடந்தது. அக்காவுடையதில் மூன்று துண்டிலும் சமம். முடி அளவுகூட வித்தியாசமில்லை. அதோடு, அக்காவின் குண்டுகளின் வால் பக்கம் மெல்லிய வளையம் வளையமாகக் கோடு இருந்தது. புதியவருடையதில் வழவழவென்று ஒன்றும் இல்லை. சின்னவள் அதைப் பார்த்தாள். ஏன் என்று அப்போது பிடிபடவில்லை.

"அளந்ததுல பொய் இல்லை. உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்," என்றாள் மேடம். "ஆனா இப்போ விஷயம் இன்னும் மோசம். அவ எழுதினது ஒண்ணு, செஞ்சது ஒண்ணு. அவ என்ன செஞ்சான்னு எழுதாமப் போயிட்டா."

"எங்கக்கா எழுதாம எதையும் செய்யமாட்டா மேடம். மளிகைச் சீட்டுலகூட உப்புக்கு எந்தக் கடைன்னு எழுதுவா."

"அப்போ நீயே சொல்லு. பத்து நாள் இருக்கு."

*

வீட்டில் வேறொரு சண்டை தினமும் நடந்துகொண்டிருந்தது. காலையில் பாப்பாவைக் குளிப்பாட்டும் சண்டை.

அக்கா இருந்தவரை அவள்தான் குளிப்பாட்டுவாள். முழங்கையை வாளிக்குள் விட்டுப் பார்ப்பாள், அவ்வளவுதான். இப்போது அந்த வேலையை அக்காவின் கணவர், மாமா, எடுத்துக்கொண்டார். "நான் பண்றேன், நீ விடு," என்று சின்னவளிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். மாமா லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷம் இரும்புக் கயிற்றோடும் கிரீஸோடும் பழகிய கை. சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கி வைப்பார். அந்தக் கைக்குச் சூடு உறைக்காது. குழந்தையைச் சுட்டுவிடுவோமோ என்று அவருக்கு ஒரே பயம். அதனால், ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அக்காவின் சாமான்களோடு திரும்பி வந்த கோட்டுப் பையிலிருந்த கண்ணாடி வெப்பமானியை எடுத்துவைத்துக்கொண்டார். தடுப்பூசி அட்டையின் பின்னால் குளிக்கும் தண்ணீர் முப்பத்தெட்டு டிகிரி என்று போட்டிருந்தது. கண்ணை இடுக்கி, பாதரசம் முப்பத்தெட்டில் நிற்கும்வரை விளாவிக்கொண்டிருப்பார்.

"ஜில்லுனு இருக்கு," என்பாள் பாப்பா.

"இல்லடா செல்லம், முப்பத்தெட்டு காட்டுது பாரு."

"அதுக்குத் தெரியலப்பா. எனக்குத்தான் தெரியுது."

"மெஷின் பொய் சொல்லுமா?"

"அம்மா ஊத்தினா சுடச்சுட இருக்கும். நீ ஊத்தினா ஜில்லுனு இருக்கு."

மாமா அவசர அவசரமாக ஊற்றித் துடைத்து, துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவார். பாப்பாவுக்குப் பல் தந்தியடிக்கும். குழந்தை தண்ணீரைச் சொல்லவில்லை, அம்மாவைச் சொல்கிறது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். ஐந்து வயதுக் குழந்தை வேறு எப்படிச் சொல்லும்? அதனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மூன்று மாதம் அப்படியே போயிற்று.

பத்து நாளில் ஏழு நாள் முடிந்த ஒரு காலை. மழை பெய்து, ஈரக்காற்று ஜன்னல் வழியாக அடித்துக்கொண்டிருந்தது. மாமாவுக்கு எங்கோ ஒரு லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது.

"விளாவி வச்சுட்டேன், ஊத்தி மட்டும் விட்டுடும்மா," என்று கருவிப் பையைத் தேடிக்கொண்டே சொன்னார்.

சின்னவள் பாப்பாவைச் சின்ன முக்காலியில் உட்கார வைத்து, செம்பில் தண்ணீர் மொண்டாள். அவள் கைமேல் கொஞ்சம் வழிந்தது.

கையை வாளிக்குள் விட்டாள். வெதுவெதுப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. பதினோரு வருஷமாக முப்பத்தேழு டிகிரித் தொட்டியில் கைவிட்டு வேலை செய்தவள். முப்பத்தேழு எப்படி இருக்கும் என்று அவள் கைக்குத் தெரியும். இது அதற்கும் கீழே இருந்தது. வாளிக்குள் கிடந்த வெப்பமானியை எடுத்துப் பார்த்தாள். முப்பத்தெட்டு.

"நான் சொன்னேன்ல சித்தி?" என்றாள் பாப்பா, நடுங்கிக்கொண்டே.

"ஆமாடி தங்கம். நீ சொன்னதுதான் சரி. நாங்கதான் மடையங்க."

வெந்நீர் எடுத்து ஊற்றி, முழங்கையை விட்டுப் பார்த்து, குழந்தையைக் குளிப்பாட்டி முடித்தாள். பாப்பா அன்று இன்னும் ஒரு செம்பு கேட்டாள். துண்டில் சுற்றி உட்கார வைத்துவிட்டு, குளிர்பெட்டியைத் திறந்து ஐஸ் கட்டிகளைத் தம்ளரில் போட்டுத் தண்ணீர் விட்டு, வெப்பமானியை நிறுத்தினாள். பூஜ்யத்துக்கு வர வேண்டியது இரண்டில் நின்றது. தட்டிப் பார்த்தாள். கிளறிப் பார்த்தாள். இரண்டு.

மாமா கருவிப் பையோடு வாசலில் நின்று, "என்ன பண்றே?" என்றார்.

"மாமா, இது அக்கா முதல் வேலைக்குப் போனப்போ வாங்கினதுதானே?"

"ஆமா. அதை யாரையும் தொடவிடமாட்டா. ஆபீஸ்ல ஒண்ணு குடுத்திருக்காங்களாம், அது பீப் பீப்புனு கத்துதுன்னு சொல்லுவா. வீட்ல ஒண்ணு கத்துறது போதும்னு."

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா அதை மேல் பையில் பேனாபோல் குத்தி வைத்துக்கொண்டு, கொழுப்பில் விட்டுப் பார்த்து, துடைத்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாள். முப்பத்தொன்பது என்று அவள் எழுதியது உண்மையில் முப்பத்தேழு. அந்த இரண்டு டிகிரியில்தான் கொழுப்பு தேன்போலத் தடிக்கும். தூள் மூழ்காமல் அப்படியே நிற்கும். ஊற்றும்போது மடிந்து மடிந்து விழும். வாலில் வளையம் விழும்.

அதைச் சொன்னாள். மாமா பையைக் கீழே வைத்தார்.

"அப்போ அவ பண்ணினது தப்பா?"

"தப்புதான் மாமா. சரிபார்க்காத கருவியை உள்ளே கொண்டுவரவே கூடாது. இதை நான் போய்ச் சொன்னா, அக்கா விதியை மீறினான்னு பதிவாகும். அவ தொகுதி செல்லாது. அலமாரியில இருக்கற அத்தனையையும் அழிக்கச் சொல்வாங்க." வெப்பமானியைத் துடைத்தாள். "சொல்லாமலும் விடலாம். அந்த சார்கிட்ட, இன்னும் கொஞ்சம் ஆறவிட்டு ஊத்திப் பாருங்கன்னு மட்டும் சொன்னா போதும். குண்டு தேறிடும். ஆனா அக்கா பொய் எழுதினான்னு மேடம் நெனைச்சுட்டே இருப்பா."

"எவ்வளவு தப்பு?"

"என்ன மாமா?"

"எத்தனை டிகிரி?"

"ரெண்டு."

மாமா சிரித்தார். சவம் எடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஏழு வருஷம் அவகூடக் குடித்தனம் பண்ணினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் பண்ணினது தப்புன்னு அவ வாயால சொல்லிக் கேட்டதில்ல. கடைசில பாத்தா ரெண்டே டிகிரியா?"

பாப்பா, எதற்கென்று தெரியாமல், தானும் சிரித்தாள்.

"அவ இருந்திருந்தா சொல்லியிருப்பாளா?" என்று கேட்டார், சிரிப்பு அடங்கியதும்.

"சொல்லியிருப்பா. முதல்ல என்கிட்ட சண்டை போட்டிருப்பா. ஐஸ்கட்டிமேல பழி போட்டிருப்பா. மூணு நாள் பேசாம இருந்துட்டு, அப்புறம் தானே போய் மேடம்கிட்ட சொல்லியிருப்பா."

"நமக்கு மூணு நாள் இல்லியே," என்றார் மாமா. "நீ இன்னிக்கே போய்ச் சொல்லிடு."

*

மேடம் வெப்பமானியை வாங்கிப் பார்த்தாள். முப்பத்தேழு டிகிரித் தொட்டியில் தானே நிறுத்தினாள். முப்பத்தொன்பது. எடுத்துத் துடைத்து மறுபடி நிறுத்தினாள். முப்பத்தொன்பது.

"இதை எழுதினா அவ தொகுதி போயிடும். அதைத் தெரிஞ்சுகிட்டுத்தான் கொண்டு வந்தியா?"

"தெரியும் மேடம்."

"அவ பேர்ல ஒரு பிழை பதிவாகும்."

"பிழை இருக்கே மேடம். பொய்தான் இல்லை."

மேடம் வெப்பமானியை மேசையில் வைத்தாள். பிறகு பதிவேட்டை எடுத்து எழுதினாள். எழுதி முடித்ததைச் சின்னவள் பக்கம் திருப்பி, "படிச்சுப் பாரு, வார்த்தை சரியா இருக்கா?" என்றாள். கருவி இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டியது. தயாரித்தவர் பார்த்ததைப் பார்த்தபடியே பதிவு செய்துள்ளார் என்று இருந்தது. சின்னவள் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் புதியவர் முப்பத்தேழில் ஊற்றினார். "அம்மா, கெட்டியாயிட்டே வருதே, உறைஞ்சுடுமா?" என்று ஜன்னல் வழியாகப் பதறினார்.

"உறையாது சார். விடாம ஊத்துங்க."

மடிந்து மடிந்து விழுந்தது. அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. சின்னவள் அளந்தாள். முதல் குண்டு தொண்ணூற்றெட்டு, கடைசிக் குண்டு நூற்றொன்று. "தேறிச்சு சார்," என்றபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

அக்காவின் தொகுதியை அழிக்கும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. பெரிய பாத்திரத்தைச் சுடுநீர்த் தொட்டியில் வைத்து, பெட்டி பெட்டியாகக் கொட்டினாள். கூர்மை மழுங்கியது, ஒன்றோடொன்று ஒட்டியது, பிறகு எது எந்தத் தட்டில் இருந்தது என்று தெரியாமல் ஒரே வெள்ளையாயிற்று. பழக்கத்தில் நேரம் பார்த்தாள். ஏழு நிமிஷத்தில் எல்லாம் உருகியிருந்தது. அதை எழுத எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.

மாதக் கடைசிக்கு ஒரு நாள் முன்னால் புதுத் தொகுதி ஆஸ்பத்திரிக்குப் போனது.

வெப்பமானியை மேடம் ஒரு உறையில் போட்டு, பயன்படுத்தக் கூடாது என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாமாவிடம் தந்தபோது, "புதுசு ஒண்ணு வாங்கிடலாமா?" என்று சின்னவள் கேட்டாள்.

"எதுக்கு? எவ்வளவு தப்புன்னுதான் தெரிஞ்சு போச்சே."

அவர் இப்போது நாற்பது காட்டும்வரை விளாவுகிறார். பாப்பா முழங்கையை விட்டுப் பார்த்து, "ம், ஊத்து," என்கிறாள். வருஷம் ஒன்றாகிவிட்டது. அவ்வப்போது சின்னவள் ஐஸ் தண்ணீரில் அதை நிறுத்திப் பார்ப்பாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை, இரண்டு.